யூதப் பள்ளிகளில் மாணவர் தொண்டு

யூதப் பள்ளிகளில் பயிலும் மாணவர்கள் கைம்மாறு கருதாமல் பிறருக்குச் செய்யும் உதவி 'ஹெசெட்' என்ற எபிரேயச் சொல்லால் குறிக்கப்படுகிறது. முதியோர் இல்லத்துக்குச் சென்று பேச்சுத்துணையாக இருப்பது, வறிய குடும்பங்களுக்கு உணவுப் பெட்டி கொண்டு சேர்ப்பது, நோயாளியைப் பார்த்து வருவது, கீழ்வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். பிரித்தானியா, அமெரிக்கா, இஸ்ரேல் முதலிய நாடுகளில் பல யூதப் பள்ளிகள் இதைப் பாடத்தோடு சேர்த்தே நடத்துகின்றன. அமெரிக்காவின் யூத உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் தொண்டு செய்திருக்க வேண்டும் என்ற விதியே உண்டு. கைம்மாறு கருதாத செயலுக்கு மணிக்கணக்கு எதற்கு என்ற கேள்வி இங்கேயே எழுகிறது. அந்தக் கேள்வி யூத மரபுக்குப் புதியதும் அன்று.

சொல்லும் பொருளும்

ஹெசெட் எபிரேய விவிலியத்தில் அடிக்கடி வரும் சொல். தமிழ் விவிலியங்களில் இது 'கிருபை' என்றும் 'பேரன்பு' என்றும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. கடவுள் மனிதரிடம் காட்டும் அன்பையும் மனிதர் மனிதரிடம் காட்டும் அன்பையும் இந்த ஒரே சொல் குறிக்கிறது. அன்பு மனத்தில் தங்கிவிடாமல் செயலாக வெளிப்படும்போது அதை 'கெமிலுத் ஹசாதிம்' என்பர். 'அன்புச் செயல்களைப் புரிதல்' என்று பொருள் கொள்ளலாம். உலகம் மூன்றின்மேல் நிற்கிறது, அவற்றுள் ஒன்று அன்புச் செயல் என்ற கருத்து மிஷ்னாவின் 'பிர்கே ஆவோத்' பகுதியில் இடம்பெறுகிறது. இது யூதப் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்யும் வாக்கியங்களுள் ஒன்று.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மற்றொரு சொல் 'செடக்கா'. பொதுவாக இதைத் தருமம் என்று சொன்னாலும், இதன் வேர்ச்சொல்லின் பொருள் நீதி என்பதே. தமிழ் முஸ்லிம்கள் அறிந்த 'சதகா' என்ற அரபுச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தது. செடக்காவையும் ஹெசெட்டையும் தால்முத்தின் 'சுக்கா' பகுதி மூன்று வகையில் வேறுபடுத்துகிறது. செடக்காவைப் பணத்தால் மட்டுமே செய்ய முடியும். ஹெசெட்டைப் பணத்தாலும் உடலுழைப்பாலும் செய்யலாம். செடக்கா ஏழைக்கு உரியது. ஹெசெட் ஏழைக்கும் செல்வருக்கும் உரியது. செடக்கா உயிரோடிருப்பவருக்கு, ஹெசெட் இறந்தவருக்கும். இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வதை 'உண்மையான ஹெசெட்' என்பார்கள். இறந்தவர் திருப்பிச் செய்ய வழியில்லை அல்லவா?

பள்ளிகளுக்கு இந்தப் பாகுபாடு மிகவும் பயன்படுகிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் பணம் இருக்காது. ஆனால் நேரமும் கைகால்களும் இருக்கின்றன.

பெற்றவர்களின் வரலாறு

இன்று தொண்டு செய்யும் பள்ளிகளில் சில, ஒரு காலத்தில் முழுக்க முழுக்கப் பிறர் உதவியால் நடந்தவை. இலண்டனில் 1732இல் தொடங்கி, பின்னர் 'யூதர் இலவசப் பள்ளி' என்று பெயர்பெற்ற நிறுவனம் அதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த ஏழை யூதர்களின் பிள்ளைகள் இதன் வகுப்புகளை நிறைத்தனர். 1900ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 4,000 மாணவர்கள் படித்தார்கள். உலகின் மிகப் பெரிய பள்ளிகளுள் ஒன்று என்று பேசப்பட்டது. ராத்ஸ்சைல்ட் குடும்பத்தார் பிள்ளைகளுக்கு ஆடையும் காலணியும் வழங்கிவந்தனர். எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் இங்கே படித்து, இங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் கட்டடம் அழிந்தது. 1958இல் வேறிடத்தில் மீண்டும் திறக்கப்பட்டு, ஜே.எஃப்.எஸ். என்ற சுருக்கப் பெயரில் இன்றும் நடக்கிறது.

கிழக்கு ஐரோப்பாவின் சமயப் பள்ளிகளான 'யெஷிவா'க்களின் கதை இன்னும் கசப்பானது. வெளியூரிலிருந்து வந்த ஏழை மாணவர் திங்கட்கிழமை ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமை வேறொரு வீட்டில் என்று முறைவைத்துச் சாப்பிட்டனர். 'நாள்கள் உண்ணுதல்' என்ற பொருள்படும் இத்திஷ் தொடரால் இது அழைக்கப்பட்டது. தமிழில் 'வாரச் சாப்பாடு' என்றால் உடனே விளங்கும். சோறு போட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போட்டார்கள்; ஆனாலும் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கும் கூச்சம் மாணவனுக்கு எஞ்சியது. வொலோஷினைச் சேர்ந்த ரபி ஹாயிம் 1803இல் தொடங்கிய யெஷிவா இந்த முறையைக் கைவிட்டது. தூதர்களை ஊர் ஊராக அனுப்பிப் பணம் திரட்டி, மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. உதவி அதே உதவிதான். பெறுபவர் யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை என்பது மட்டுமே மாறியது. அந்த மாற்றம் சிறியதன்று.

பெறுபவரின் மானம் காப்பது யூதச் சட்ட நூல்களில் விரிவாகப் பேசப்படும் ஒன்று. 12ஆம் நூற்றாண்டின் மேதை மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகஞ்சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யாரென்று பெற்றவருக்கும், பெற்றவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாமல் கொடுப்பது இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலான முதற்படி, வேலையோ கடனோ கூட்டு வணிகமோ தந்து, ஒருவர் இனிக் கையேந்தத் தேவையில்லாதபடி செய்வது.

ஓராண்டின் ஓட்டத்தில்

மாணவர் தொண்டு பெரும்பாலும் யூத நாட்காட்டியை ஒட்டியே நடக்கிறது. வெள்ளி மாலை சூரியன் மறையும்போது ஓய்வுநாளான 'ஷபாத்' தொடங்கிவிடும். அதற்குள் எல்லா வீடுகளிலும் உணவு தயாராக இருக்க வேண்டும். அதனால் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இயங்கும் 'டோம்ஹே ஷபாத்' குழுக்கள் வியாழக்கிழமை இரவில் உணவுப் பெட்டிகளை நிரப்புகின்றன. ரொட்டி, கோழி, மீன், காய்கறி, திராட்சைச் சாறு ஆகியவற்றை வரிசையில் நின்று அடுக்குவோரில் பள்ளி மாணவர்களும் உண்டு. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கதவு திறக்கும் முன்பே திரும்பிவிடுவது இந்தக் குழுக்களில் பரவலான வழக்கம். மைமோனிடிஸின் இரண்டாம் படியை ஒரு பதினைந்து வயதுப் பையன் கால்களால் கற்றுக்கொள்வது இங்கேதான்.

பல தொடக்கப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை காலை உண்டியல் சுற்றி வரும். பூரிம் பண்டிகையன்று நண்பருக்கு உண்பொருள் அனுப்புவதும், குறைந்தது இரண்டு ஏழைகளுக்கு அன்றே உதவுவதும் கடமை. பெசாக் எனப்படும் பாஸ்கா விழாவுக்குமுன் ஏழைகளின் விழாச் செலவுக்கென நிதி சேர்ப்பார்கள். 'கோதுமைப் பணம்' என்பது அதன் பழம்பெயர். பெண் 12 வயதிலும் ஆண் 13 வயதிலும் சமயக் கடமைகளுக்குப் பொறுப்பேற்கும் சடங்கை ஒட்டி, அந்தப் பிள்ளையே ஒரு தொண்டுப் பணியைத் தேர்ந்து நடத்துவது அண்மைக்கால வழக்கமாக, குறிப்பாக அமெரிக்காவில், வேரூன்றியுள்ளது.

நோயாளியைப் பார்த்தல்

இத்தொண்டுகளுள் நெறிமுறைகள் மிகுந்தது 'பிக்கூர் ஹோலிம்' எனப்படும் நோயாளியைச் சென்று காணுதல். எந்த நேரத்தில் போவது, எங்கே அமர்வது என்பதுவரை தால்முத்தும் அதன் வழிவந்த சட்ட நூல்களும் பேசுகின்றன. பகலின் முதல் மூன்று மணி நேரத்தில் போகக் கூடாது. அப்போது நோய் சற்றுத் தணிந்து தெரியும். வந்தவர் இவருக்கு வேண்டுதல் தேவையில்லை என்று எண்ணிவிடலாம். கடைசி மூன்று மணி நேரமும் ஆகாது. நோய் கடுமையாகத் தெரிவதால் வந்தவர் நம்பிக்கை இழக்கலாம். நோயாளி தாழ்வான படுக்கையில் இருந்தால், வந்தவர் அவரைவிட உயரமான இருக்கையில் அமரக் கூடாது.

நோயாளியைக் காண வருபவர் நோயின் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்று தால்முத்தின் 'நெதாரிம்' பகுதி சொல்கிறது. அப்படியானால் அறுபது பேரை அனுப்பி நோயைத் தீர்த்துவிடலாமே என்று அங்கேயே ஒருவர் மடக்குகிறார். ஒவ்வொருவரும் எஞ்சியிருப்பதில்தான் அறுபதில் ஒரு பங்கை எடுக்கிறார் என்பது பதில். கணக்குத் தெரிந்த மாணவர்கள் இதில் ஒன்றைக் கவனிப்பார்கள். எத்தனை பேர் வந்தாலும் நோய் சுழியம் ஆகாது. ஆனாலும் அடுத்து வருபவர் எடுத்துச் செல்ல எப்போதும் ஏதோ மிச்சம் இருக்கும்.

அதே பகுதியில் மற்றொரு நிகழ்வும் வருகிறது. ரபி அகிவாவின் மாணவர் ஒருவர் நோயுற்றபோது அறிஞர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அகிவா போனார். அவர் போனதால் அந்த வீட்டின் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். மாணவர் பிழைத்துக்கொண்டார், தம்மை உயிர்ப்பித்தவர் ஆசிரியரே என்றும் சொன்னார். அங்கே மந்திரமோ மருந்தோ எதுவும் பேசப்படவில்லை. துடைப்பமும் தண்ணீரும்தான்.

கைமாற்றுக் கிடங்குகள்

கெமிலுத் ஹசாதிம் என்ற தொடரின் எழுத்துகளைச் சுருக்கிப் பிறந்த சொல் 'கெமாஹ்'. வட்டியில்லாமல் கொடுத்து வாங்கும் ஏற்பாட்டை இது குறிக்கும். கைமாற்று என்ற தமிழ்ச் சொல் இதற்கு ஏறக்குறையப் பொருந்தும். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்குவதை யூதச் சட்டம் தடுக்கிறது என்பதால் முதலில் இது பணத்தைப் பற்றியதாக இருந்தது. பின்னர் திருமண உடை, தொட்டில், விருந்துக்கான நாற்காலிகள், பழைய பாடநூல்கள் என்று எல்லாவற்றுக்கும் கெமாஹ் தோன்றிவிட்டது. ஒருவர் தம் வீட்டு அலமாரி ஒன்றை ஒதுக்கினாலே போதும்.

அவற்றுள் மிகப் பெரிதாக வளர்ந்தது எருசலேமில் 1976இல் தொடங்கிய 'யாத் சாரா'. அதன் நிறுவனர் ஊரி லுபோலியன்ஸ்கி, பின்னாளில் எருசலேமின் மேயரானவர். பிள்ளைக்கு உடல்நலமில்லாதபோது அண்டை வீட்டாரிடம் ஆவி பிடிக்கும் கருவியை இரவல் வாங்கியதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. இப்படிச் சில கருவிகளை வாங்கி வைத்து எல்லோருக்கும் இரவல் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஆக்சிஜன் கருவி என்று அது விரிந்தது. ஆயிரக்கணக்கான தொண்டர்களால் இன்று நாடு முழுதும் கிளைகளோடு இயங்குகிறது. நாழின்மேலுலகில் இன்பநிதி சேர்ப்பதற்கான திட்டமாக அன்றி, பக்கத்து வீட்டு இரவலாகப் பிறந்ததே இதன் சிறப்பு.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு பதின்ம வயதினரை நண்பர்களாக இணைக்கும் 'ஃப்ரெண்ட்ஷிப் சர்க்கிள்' 1994இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹபாத் இயக்கத்தாரால் தொடங்கப்பட்டது. இதில் மாணவர் வாரந்தோறும் அதே பிள்ளையின் வீட்டுக்குப் போய் விளையாடுகிறார். பல நாடுகளுக்குப் பரவியுள்ளது.

கட்டாயத் தொண்டு பற்றிய வாதம்

மணிக்கணக்கு விதியை எதிர்ப்பவர்களின் வாதம் எளிது. கையெழுத்து வாங்குவதற்காக முதியோர் இல்லத்துக்குப் போகும் மாணவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ந்ததும் நின்றுவிடுவான். அவன் வருகைக்குப் பழகிப்போன முதியவருக்கு அது இன்னொரு பிரிவு. இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. இஸ்ரேலில் 2010களில் உயர்நிலை வகுப்புகளின் சமூகத் தொண்டு, 'பக்ருத்' எனப்படும் பள்ளியிறுதிச் சான்றிதழோடு இணைக்கப்பட்டபோது இது பெரிய அளவிலேயே பொருந்தக்கூடிய கேள்வியாயிற்று.

யூத மரபு இதை வேறொரு கோணத்திலிருந்தும் பார்க்கிறது. தால்முத்தின் 'கித்துஷின்' பகுதியில் பார்வையற்ற அறிஞர் ராவ் யோசேப்பு வருகிறார். பார்வையற்றோர்க்குச் சமயக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு என்று யாராவது உறுதிசெய்தால் விருந்து வைப்பேன், கடமையில்லாமலே நான் இவ்வளவும் செய்கிறேனே என்று அவர் முதலில் மகிழ்ந்திருந்தார். பிறகு ரபி ஹனினாவின் கூற்றைக் கேட்டார்: ஏவப்படாமல் செய்பவரைவிட ஏவப்பட்டுச் செய்பவரே பெரியவர். அதன்பின் அவர் விருந்தை மாற்றிக்கொண்டார். விலக்கு இல்லை என்று சொல்பவருக்கே விருந்து என்றார்.

விருப்பமிருந்தால் செய்வது எளிது, விருப்பமில்லாத நாளிலும் செய்வதே கடினம் என்று இதற்கு உரைகாரர்கள் விளக்கம் தந்துள்ளனர். முதியவருக்குத் தேவை வியாழன் மாலை நாலு மணிக்கு ஒரு ஆள். வரும் மாணவனின் மனநிலை அன்று எப்படி இருந்தது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

ஆயிரம் காசை ஒரே ஏழைக்கு ஒருமுறை கொடுப்பதைவிட, ஆயிரம் முறை ஒவ்வொரு காசாகக் கொடுப்பது மேல் என்று மைமோனிடிஸ் எழுதியிருப்பதும் இந்த வாதத்துக்கு உதவுகிறது. திரும்பத் திரும்பச் செய்வதால் கை பழகுகிறது, கையைத் தொடர்ந்து மனம் பழகுகிறது என்பது அவர் காட்டும் காரணம். மணிக்கணக்கை ஆதரிக்கும் ஆசிரியர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். எனினும் ஆயிரம் முறை என்றுதான் அவர் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை என்று சொல்லவில்லை.

யோனி ஜெஸ்னர் விருது

பிரித்தானியாவின் யூத மாணவர்களிடையே நன்கு அறியப்பட்ட தொண்டுத் திட்டம் ஒன்றுக்கு யோனி ஜெஸ்னரின் பெயர் இடப்பட்டுள்ளது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த அவர், மருத்துவம் படிக்கத் திட்டமிட்டிருந்தார். அதற்குமுன் இஸ்ரேலில் ஒரு யெஷிவாவில் பயின்றுகொண்டிருந்தார். 2002 செப்டம்பரில் டெல் அவீவில் பேருந்து ஒன்றில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

அவருடைய உறுப்புகளைக் கொடையளிக்கக் குடும்பத்தார் ஒப்புக்கொண்டனர். சிறுநீரகம் ஒன்று, மாற்று உறுப்புக்காகக் காத்திருந்த 7 வயதுப் பாலஸ்தீனச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்று குடும்பம் நிபந்தனை விதிக்கவில்லை. உலகெங்கும் செய்தித்தாள்களில் இது வெளிவந்தது.

அவர் நினைவாகத் தோன்றிய விருது இளம் மாணவர்களுக்குரியது. யூதப் பள்ளிகளில் இடைநிலை வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் 20 மணி நேரத் தொண்டை முடித்து இதைப் பெறுகிறார்கள்.

தம்மவரும் பிறரும்

ஹெசெட் யாருக்கு? தம் சமூகத்தவர்க்கு மட்டுமா? இதற்கு 'கித்தின்' பகுதி நேரடியாகவே விடை தருகிறது: யூத ஏழைகளோடு பிற ஏழைகளையும் தாங்க வேண்டும், அவர்களின் நோயாளிகளையும் பார்க்க வேண்டும், அவர்களின் இறந்தோரையும் அடக்கம் செய்ய வேண்டும், அது அமைதியின் வழி. நடைமுறையில் பல பள்ளிகளின் தொண்டு உள்சமூகத்திலேயே சுழல்வதும் உண்மை. 2005இல் லாரா மார்க்ஸ் இலண்டனில் தொடங்கிய 'மிட்ஸ்வா நாள்' அந்த வட்டத்தைத் திறந்துவிட்டது. நவம்பரில் ஒரு ஞாயிறன்று நடக்கும் இதில் பணம் கேட்பதில்லை, நேரத்தைத்தான் கேட்கிறார்கள். பிரித்தானிய இந்துக்கள் நடத்திய 'சேவா நாள்', முஸ்லிம்களின் 'சதகா நாள்' ஆகியவற்றோடு இது தோழமை கொண்டு வளர்ந்தது.

கிளாஸ்கோவை ஒட்டிய பகுதியிலுள்ள கால்டர்வுட் லாட்ஜ், ஸ்காட்லாந்தின் ஒரே யூதப் பள்ளி. 1962இல் தொடங்கிய அது 2017 முதல் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியோடு ஒரே வளாகத்தைப் பகிர்ந்துகொள்கிறது. பர்மிங்காமின் கிங் டேவிட் பள்ளியில் பிள்ளைகளுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களும் எபிரேயம் படிக்கிறார்கள். யூத விதிப்படி சமைத்த உணவை உண்கிறார்கள்.

இந்தியாவிலும் இதை ஒத்த நிலை உண்டு. மும்பை மாஸ்காவில் உள்ள சர் எல்லி கதூரி பள்ளி, பெனே இஸ்ரேல் யூதர்களின் பிள்ளைகளுக்காக 1875இல் தொடங்கியது. கொல்கத்தாவின் யூதப் பெண்கள் பள்ளி 1881இல் பாக்தாதி யூதர்களால் நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின் யூதர்கள் பெருமளவில் இஸ்ரேலுக்கும் பிரித்தானியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். பள்ளிகளை மூடிச் செல்லவில்லை. கொல்கத்தாப் பள்ளியில் இப்போது படிக்கும் பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களின் சீருடையில் ஆறுமுனை நட்சத்திரம் இன்றும் இருக்கிறது.